சித்திரகவியிற் பாவலனும் கண்ணுள்வினைஞனும்

தமிழ்நூலார் பாவலரை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைப்படுத்துவர். ஆசும் மதுரமும் வித்தாரமும் முறையே விரைவும் இனிமையும் விரிவும் பற்றி எழுந்த பெயர்கள். சித்திரம் ஒன்றே எழுத்தின் அடைவு பற்றி வந்தது. எழுத்துக்கள் தேராகவும் வேலாகவும் பாம்பாகவும் தாமரையாகவும் நிற்குமாறு பாடப்படுஞ் செய்யுள் செவிக்கு மட்டும் உரியதாகாது. கண்ணையும் வேண்டி நிற்கும். கண்ணை வேண்டுமிடத்து வரைவோன் ஒருவனையும் வேண்டும். பாவலனே வரைவோனாதலும் உண்டு. எனினும், ஓலையிற் பொறித்தோரும், கல்லிற் கொத்தினோரும், அச்சிற்குக் கட்டை செதுக்கினோரும், இந்நாளிற் கணினியில் அமைப்போரும் பெரும்பாலும் பாவலனின் வேறாய பிறரே. அங்ஙனம் வேறாய ஒருவன் செய்யுளின் ஆக்கத்திற் பங்குடையனோ, அன்றிப் பாடி முடிந்த பாட்டிற்கு ஏவல் செய்வான் மாத்திரையனோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இது பெருமை பற்றி எழுந்த வெறுவழக்கு அன்று. ஆளுடையபிள்ளையார் அருளிய திருவெழுகூற்றிருக்கையும், திருமாலைமாற்றும், திருச்சக்கரமாற்றும், திருக்கோமூத்திரியும் திருமுறையுள் நிற்கின்றன. அவற்றைப் பதிப்போர் எதனைப் பதிக்கின்றனர், ஓதுவோர் எதனை ஓதுகின்றனர் என்பது இவ்வினாவின் விடையைச் சார்ந்தது. வரைவு செய்யுளின் உறுப்பாயின், அதனை விடுத்துப் பதித்தல் உறுப்புக்குறையாம். உறுப்பன்றாயின், பிழைபட வரைந்தமையாற் செய்யுட்கு வருங் கேடு ஒன்றுமில்லை. இவ்விரண்டனுள் ஒன்றைத் துணிந்தாலன்றிப் பதிப்பின் நெறி விளங்காது.

வரைவோனுக்கு மதுரைக்காஞ்சி வழங்கும் பெயர் கண்ணுள்வினைஞர் என்பது. காண்போர் கண்ணினிடத்தே தம் தொழிலை நிறுத்துவோர் என்னுங் கருத்துப்பட நச்சினார்க்கினியர் இதற்கு உரை கூறுவர். ஏனை ஓவியத்தில் வினைஞன் கண்ணை நிறுத்துவான். சித்திரகவியிலோ கண்ணை நிறுத்துதலோடு நடத்தவும் வேண்டும். எவ்வறையிற் புகுவது, எவ்வழி திரும்புவது, எவ்வெழுத்தை இருகாற் கொள்வது என்பனவெல்லாம் அவன் இடுங் கோட்டினாலேயே அறியப்படும். ஆதலின், கண்ணுள்வினைஞன் என்னும் பெயர் இவனுக்கே மிகவும் பொருந்துவதாம்.

தண்டியலங்காரம் சொல்லணியியலில் மடக்கிற்குப் பின் கோமூத்திரி முதல் அக்கரச்சுதகம் ஈறாகப் பன்னிரண்டு மிறைக்கவிகளைக் கூறும். அவையனைத்தும் வரைவை வேண்டுவன அல்ல. வினாவுத்தரமும் காதைகரப்பும் அறிவிற்கு உரியன. கோமூத்திரி, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் என்பன கண்ணிற்கு உரியன. இவற்றுள் எளியதாகிய கோமூத்திரியை எடுத்துக்கொண்டு வினைஞன் செய்வது யாதென நோக்கின் உண்மை புலனாகும்.

ஆன் நடந்துகொண்டே நீர்விடுங்கால் நிலத்தில் வளைந்து வளைந்து விழும் ஒழுக்கினைப் போல்வதாகலின் கோமூத்திரி எனப்பட்டது. சேர்வராயன் மலையைக் கண்டார்க்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டா. சேலத்தினின்று ஏற்காட்டிற்கு ஏறும் மலைநெறி 20 கொண்டையூசி வளைவுகளை உடையது. மலைச்சரிவில் நேரே ஏறலாகாமையின், நெறி இடத்தினின்று வலத்திற்கும் வலத்தினின்று இடத்திற்குமாக மாறிமாறிச் செல்லும். ஒரு சரிவையே வழிச்செல்வோன் பலகாற் காண்பான். காணுந்தோறும் அது வேறொரு நிலையினின்று காணப்படும். கோமூத்திரியிற் செல்லுங் கண்ணும் இத்தன்மையது. மேலடியில் ஓரெழுத்தும் கீழடியில் ஓரெழுத்துமாக மாறிமாறிச் சென்றாலும், நேரே சென்றாற் கிடைக்கும் அடியே கிடைக்கும்.

முறை விளங்குதற்பொருட்டு, செய்யுள் என்னும் பெயர் பெறாத இரு சிறு தொடரைக் காண்க. மேல்வரியில் ‘காணா மலை’ என்றும், கீழ்வரியில் ‘பேணா நிலை’ என்றும் எழுதுக. மேல்வரி கா, ணா, ம, லை என நான்கெழுத்து. கீழ்வரி பே, ணா, நி, லை என நான்கெழுத்து. மேலே ‘கா’ வில் தொடங்கிக் கீழே ‘ணா’ வுக்கு இறங்கி, மேலே ‘ம’ வுக்கு ஏறிக் கீழே ‘லை’ யில் முடிப்பினும் ‘காணா மலை’ என்றே வரும். கீழே ‘பே’ யில் தொடங்கி அவ்வாறே ஏறியிறங்கினும் ‘பேணா நிலை’ என்றே முடியும். இரண்டாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் இருவரிக்கும் பொதுவாய் நிற்றலே இதற்குக் காரணம்.

இதனை இருவகையால் வரையலாம். இரண்டு வரியாக எட்டு அறை கீறி எட்டெழுத்தையும் அடைத்தல் ஒன்று. பொதுவெழுத்தாகிய ‘ணா’, ‘லை’ என்பவற்றை நடுவே ஒருமுறை மட்டும் எழுதி, ‘கா’, ‘ம’ என்பவற்றை மேலும், ‘பே’, ‘நி’ என்பவற்றைக் கீழும் நிறுத்தி, இருவழியும் நடுவே சந்திக்குமாறு கோடிடுதல் மற்றொன்று. முன்னதில் எட்டெழுத்து எட்டறையில் நிற்கும். பின்னதில் எட்டெழுத்து ஆறறையில் அடங்கும். எழுத்து ஒன்றே இருபொருட்கும் உரியதாய் நிற்கின்றது என்னும் பாவலன் அருமைப்பாட்டைப் பின்னைய வரைவே கண்ணிற்குக் காட்டும், முன்னையது மறைக்கும். இரண்டிலும் சொல் வேறுபடவில்லை. வேறுபட்டது வினைஞன் கருத்தே. செய்யுளின் உயிராகிய நயம் ஒரு வரைவால் வெளிப்பட்டும் ஒரு வரைவால் ஒளிந்தும் நிற்குமாயின், வரைவோன் ஏவலன் மாத்திரையன் என்றல் எங்ஙனம் பொருந்தும்?

எனினும், எல்லா வரைவும் ஒருநிகரன அல்ல. அவற்றை மூவகையாக்கிக் காண்டல் ஆராய்ச்சிக்கு உதவும். செய்யுளைச் சூழ்ந்து அழகு செய்தலளவில் அமைவது அணிவரை. செய்யுளின் அளவையும் முறையையும் எண்ணிக் காட்டுவது எண்ணுவரை. செய்யுளெழுத்து முழுவதையும் தன் உடலிலே தாங்கி, தன்னை விடுத்தால் செய்யுள் இயல்பு குன்றும்படி நிற்பது ஏந்துவரை.

சைவசித்தாந்தம் இறைவனுக்கும் உயிர்க்கும் உள்ள அத்துவித இயைபை ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என மூவகையால் விளக்கும். உடலும் உயிரும் போல்வது ஒன்றாதல். கண்ணும் ஞாயிறும் போல்வது வேறாதல். கண்ணொளியும் உயிரறிவும் போல்வது உடனாதல் என ஆசிரியர் உவமை காட்டுவர். அப்பேருண்மையை மனிதர் தொழிலொன்றன்மேல் ஏற்றுதல் தகாது. ஆயினும், பொருள் இரண்டு தம்முள் இயையும் வகையை நுனித்துணர்தற்கு அம்மூன்று சொல்லும் அளவைக்கோலாக உதவும். அணிவரையில் பாட்டும் படமும் வேறாதல் மாத்திரையே. எண்ணுவரையில் வேறாதலோடு உடனாதலும் உண்டு. படம் எண்ண, பாட்டு நடக்கும். ஏந்துவரையிலோ, எழுத்தால் ஒன்றாய், கைவினையால் வேறாய், படித்தற்கண் உடனாய் மூன்று இயைபும் நிரம்பும். சித்திரகவி தன் முழுநிலை எய்துவது இம்மூன்றாம் வகைக்கண்ணேயாம்.

எண்ணுவரைக்குத் தலைசிறந்த இலக்கியம் திருவெழுகூற்றிருக்கை. திருஞானசம்பந்தர் அருளியது முதல் திருமுறையில் 128-ஆம் பதிகமாக நிற்கின்றது. சீகாழியின் பன்னிரு திருப்பெயரும் அதன்கண் அமைந்துள. நக்கீரதேவ நாயனார் அருளியது பதினொராந் திருமுறையுள் உள்ளது. பிற்காலத்து அருணகிரிநாதர் திருவேரகத்து இறைவன்மேற் பாடினார்; வைணவருள் திருமங்கையார் குடந்தைப் பெருமான்மேற் பாடினார். ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. என இவ்வாறு ஏழளவும் எண்கள் ஏறியிறங்கும். அடுக்குத்தோறும் இரண்டு எண் மிகுதலால், 3, 5, 7 என வளர்ந்து ஏழாம் எண்ணைத் தொடும் அடுக்கு 13 எண்ணுடையதாகும். அவ்வடுக்குக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பின் தேர்வடிவம் தோன்றுமாதலின் இதனை இரதபந்தமாக வரைவர்.

இவ்வடிவின் கருத்து யாது? ஏற்காட்டு நெறியில் ஏறுவோன் ஒன்று முதல் இருபது வரை எண்ணிச் சென்ற வளைவுகளை, இறங்குவோன் இருபது முதல் ஒன்று வரை எண்ணி மீள்வான். அந்நெறி ஊரளவில் நிற்க, அதற்கு மேலே ஏறத்தாழ 5,326 அடி உயரத்துச் சேர்வராயன் முடியில் உள்ள கோயில் ஒரு குகை. மலைவாழ் மக்கள் சேர்வராயனையும் காவேரியம்மனையும் அங்கு வழிபடுகின்றனர். மே மாதத்தில் ஆண்டுவிழா நிகழும். மலையின் உச்சியை எய்தியவன் அங்கே நிமிர்ந்து நில்லாமல், குனிந்து இருண்ட முழைஞ்சினுள் புகுந்தே தெய்வத்தைக் காண்கின்றான். பரந்து விரிந்த காட்சியெல்லாம் புறத்தே நிற்க, அகத்தே ஒருபொருளே எஞ்சும். எழுகூற்றிருக்கையும் ஒன்றில் தொடங்கிப் பலவாய் விரிந்து, விரியுந்தோறும் ஒன்றிலேயே வந்து ஒடுங்குவது. உலகம் எதன்கண் ஒடுங்கிற்றோ அதனினின்றே மீளத் தோன்றும் என்பதும், ஒடுக்கத்திற்கு இடமானதே முதற்கடவுள் என்பதும் சிவஞானபோத முதற் சூத்திரத்தின் துணிபு. ஒருருவாய் நின்ற இறைவன் முத்தொழிலின்பொருட்டு மூவராதலைப் பிள்ளையார் பாட்டின் தொடக்கமே கூறுதலால், எண்ணின் ஏற்றமும் இறக்கமும் விளையாட்டல்ல என்பது தெளிவாம்.

இனி, இவ்வெண்ணுவரையில் வினைஞர் செய்யும் தவறொன்று சுட்டத்தக்கது. தேரின் அறைகளில் 1, 2, 3 என இலக்கத்தை மட்டும் இட்டு, பாட்டைத் தேருக்குப் புறத்தே அச்சிடுதல் உண்டு. எழுகூற்றிருக்கையில் எண்ணுப்பெயர் எங்கும் எண்ணுப்பொருளிலேயே வருவதன்று, ஒலியொப்புமையானும் வரும். திருமங்கையார் பாட்டிற் கருடனது அழகிய சிறையைக் கூறுமிடத்து, அழகு என்னும் பொருட்டாய ‘அம்’ என்னுஞ் சொல் புணர்ச்சியால் திரிந்து, ‘அஞ்சு’ என்னும் எண்ணின் ஒலியைத் தந்து ஐந்தின் நிலையில் நிற்கும். இவ்வறையில் 5 என்னும் இலக்கத்தை இட்டால், எண் நிற்கும், அழகு போய்விடும். அச்சொல்லையே இட்டால், படிப்போன் முதற்கண் திகைத்து, பின் அதனுள் எண் கரந்திருத்தலைக் கண்டு மகிழ்வான். இலக்கத்தேர் பாட்டிற்கு அட்டவணையாகும், சொற்றேரே பாட்டாகும். எண்ணுவரையை ஏந்துவரையாக உயர்த்துதல் வினைஞன் கையிலுள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஏந்துவரைக்கு அண்மைக்காலத்துச் சான்று பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகள் பாடிய பந்தங்கள். 1929-ஆம் ஆண்டிற் சமாதியடைந்து திருவான்மியூரில் அமர்ந்தருளும் சுவாமிகள், சஸ்திரபந்தம், மயூரபந்தம், கமலபந்தம், துவிதநாகபந்தம், சதுரங்கபந்தம் முதலியவற்றை அருளினர். அவற்றுள் சஸ்திரபந்தம் முருகப்பெருமான் திருக்கை வேலின் வடிவினது. அன்பர் பலர் வேற்படத்தை இல்லத்தில் வைத்து அப்பாட்டைப் பாராயணஞ் செய்கின்றனர். ஈண்டுப் படம் பாட்டிற்கு உறையன்று. பாட்டே வேலாய் நிற்கின்றது. வேலின் கோடுகள் கூடுமிடத்து நிற்கும் எழுத்து ஒன்றே இருவழிக்கும் உரியதாகலின், அவ்விடத்தை வினைஞன் சிறிது பிழைத்து வரையினும் பாட்டின் நடை தடைப்படும். தனிவரியாக அச்சிட்ட பாட்டை ஓதுவோன் சுவாமிகள் சொல்லைப் பெறுகின்றான், வேலைப் பெற்றிலன். தாமே வினைஞரும் ஆகாத அன்பர்க்கு அவ்வேலை அளிப்பவன் வரைவோன் என்க.

கல்லிலும் இதற்குச் சான்றுண்டு. மாளவ நாட்டுத் தாரா நகரில், பரமார வேந்தர் காலத்தனவாகிய சருப்பபந்தக் கல்வெட்டுக்கள் தூண்களிற் காணப்படுகின்றன. வடமொழி எழுத்துக்களும் வினைச்சொல்லின் ஈறுகளும் பாம்பின் உடலிற் பொறிக்கப்பட்டுள. இலக்கணம் வகுத்தவன் ஒருவன்; உளி பிடித்தவன் ஒருவன். பாம்பின் பின்னல் ஓரிடத்து வழுவினால் இலக்கணமே வழுவும். அவ்வினைஞன் கை நூலறிந்த கையென்பது வெளிப்படை.

இனி, சித்திரகவி முழுவதுமே இழிந்தது, ஆதலின் அதன் வரைவை ஆராய்தல் வீண் என்பார் உளர். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், தொனிப்பொருள் இல்லாத சித்திரத்தைக் காவியமென்னாது காவியத்தின் போலியென்றனர். மம்மடரும் அதனைக் கடைப்பட்டதென வைத்தனர். தமிழிலும் மிறைக்கவி என்னும் பெயர் வருந்திச் செய்வது என்னும் பொருள்பட நிற்கின்றது. இக்கூற்று முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. வடிவம் பொருளொடு இயையாது, பாவலன் தன் திறங்காட்டுதற்கே எழுத்தைப் பிணித்தவழி, அது போலியே. மன்னன் பெயரை மத்தளத்தில் அடைத்தாற் பெயரும் விளங்காது, மத்தளமும் ஒலியாது. ஆனால், போலி உண்டென்பது மெய் இல்லையென்பதற்கு ஏதுவாகாது. முன்னும் பின்னும் ஒத்து நடக்கும் மாலைமாற்று, முதலும் முடிவும் இல்லாத ஒருவனைப் பாடுங்கால் வடிவே பொருளாகின்றது. பன்னிரு பெயரும் சுழன்று வரும் சக்கரமாற்று, ஒரே தலம் பலவாகப் போற்றப்படுதலை நடந்து காட்டுகின்றது. திருமூலரும் நான்காந் தந்திரத்தில் திருவம்பலச்சக்கரம் முதலியவற்றிற்குக் கோடு கீறி அறை வகுத்து எழுத்து அடைக்கும் முறையை அருளினர். எழுத்து நிற்கும் இடமும் வழிபாட்டின் உறுப்பு என்பது சைவர்க்குப் புதிதன்று. ஆகவே, வடிவத்தை நீக்கினாற் பொருளும் குறையுமோ என்பதே மெய்யையும் போலியையும் பிரிக்கும் உரைகல் எனக் கொள்க.

இவ்வுரைகல் பிறநாட்டுச் செய்யுட்கும் ஏற்கும். ஆங்கிலப் பாவலர் சியார்ச்சு எர்பர்ட்டு 1633-இல் அச்சேறிய தம் நூலில் சிறகு வடிவிற் பாடினர். மனிதன் தாழ்தலைக் கூறுமிடத்து அடிகள் குறுகியும், எழுதலைக் கூறுமிடத்து நீண்டும் வருதலின், அது எழுகூற்றிருக்கையின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிடத்தக்கது. பிரெஞ்சுப் பாவலர் அப்பொலினேர் 1918-இல் வெளியிட்ட ‘கலிகிராம்’ என்னுந் தொகுதியில் எழுத்துக்கள் மழைத்தாரை போல் வீழ்கின்றன. ஆயின், அவற்றை நேர்வரியாக எழுதினும் சொல் நிற்கும். பொதுவெழுத்தின் பிணிப்பு அங்கில்லை. 1952-இல் பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ நகரத்தில் ‘நொய்காந்திரசு’ என்னுங் குழுவினர் கூடினர். சுவிட்சர்லாந்துப் பாவலர் ஓய்கன் கோம்ரிங்கர் 1953-இல் தம் ‘விண்மீன் கூட்டங்களை’ வெளியிட்டனர். இவர்களால் உருக்கவிதை என்னும் இயக்கம் தோன்றியது. 1956-இல் அந்நகரிலேயே ஓவியரும் பாவலரும் தம் ஆக்கங்களை ஒரே காட்சியில் வைத்தனர். இசுகாத்துலாந்துப் பாவலர் இயன் ஆமில்டன் பின்லே 1966 முதல் ஒரு குன்றுப்புறத்துத் தோட்டத்தில் தம் சொற்களைக் கல்லிலும் மரத்திலும் நிறுவினர். தாமே உளி பிடியாது, எழுத்துக் கொத்துவோரையும் ஓவியரையும் துணைக்கொண்டு செய்தமை அவர் நெறி. சொல் ஒருவருடையது, கல் ஒருவருடையது, பொருள் இருவரும் கூடிய இடத்தே பிறப்பது என்பதை அம்மலைத் தோட்டம் காட்டுகின்றது.

தமிழகத்தில் இவ்விரு தொழிலும் பிரிந்து நின்ற நிலையையும் காண்டல் வேண்டும். 1966-இல் சோழமண்டல ஓவியர் சிற்றூரை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில் எழுத்துப் போன்ற உருக்களால் திரையை நிரப்பினர். அவை படிக்கப்படுவன அல்ல, பார்க்கப்படுவனவே. ஓவியம் எழுத்தின் அழகைக் கொண்டு சொல்லை விடுத்தது. சேர்வராயன் மலையடியாகிய சேலத்திலோ, 1968-இல் ‘நடை’ என்னும் காலாண்டிதழ் தோன்றிற்று. அதன்கண் முதன்மையாகத் தொழிற்பட்ட பாவலர் சி. மணி, 1936-இற் பிறந்து 2009-இல் மறைந்தவர். ‘யாப்பும் கவிதையும்’ என்னும் நூலும் இயற்றினர். யாப்பை விடுத்துப் பாடும் புதுப்பாவலர்க்கு, அடி எங்கே முடிகின்றது என்பதை அசையும் சீரும் அறிவியா; தாளின் வெளியே அறிவிக்கும். எனவே, செவியாலறிந்த அடியைக் கண்ணால் அறியவேண்டிய நிலை வந்தது. மரபை விடுத்தோரும் தம்மை அறியாமலே சித்திரகவியின் வாயிலில் வந்து நின்றனர். ஒருபால் சொல்லில்லா எழுத்தோவியமும், மற்றொருபால் வினைஞனில்லாக் கட்புலப்பாட்டும் நின்றன. இரண்டையும் இணைக்கும் பழைய பந்தங்கள் நடுவே கிடந்தும் நோக்குவார் அரியராயினர்.

இவற்றினும் கவலைக்குரியது எழுத்துவடிவின் மாற்றம். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, லை, ளை முதலிய பதின்மூன்று எழுத்துக்களின் வடிவைச் சீர்திருத்தியது. கற்போர்க்கும் அச்சிடுவோர்க்கும் அது எளிமை தந்தமை உண்மை. ஆயினும், முன் காட்டிய எடுத்துக்காட்டிற் பொதுவெழுத்தாய் நின்ற ‘ணா’, ‘லை’ என்னும் இரண்டும் பழைய வடிவில் ஒருடலாய்ப் பிணைந்திருந்தவை. புதிய வடிவில் எழுத்தும் குறியுமாய்ப் பிரிந்து அகலம் மிகுந்தவை. பழம் பந்தத்தைப் புதிய வடிவில் வரைவோன் அறையின் அளவை மீண்டும் வகுத்தல் வேண்டும்.

கணினியில் இவ்விடர் பெரிதாகும். அது ‘தே’ என்பதைத் தகரமெய்யேறிய ஒரெழுத்தாக வையாது, ‘த’ என்றும் ஏகாரக்குறி என்றும் இரண்டாகக் குறித்துக்கொள்ளும். சிறுவர் விளையாட்டாகக் கூறும் ‘தேரு வருதே’ என்பது ஐந்தெழுத்தால் இயன்ற மாலைமாற்று. எழுத்தெல்லை அறியாத கருவியால் அதனைப் பின்முன்னாகத் திருப்பின், குறிகள் தம் எழுத்தைவிட்டு அயலெழுத்தைப் பற்றித் தேர் உடைந்து வீழும். ‘காணா மலை’ என்னும் நான்கெழுத்தைக் குறியெண்ணால் எண்ணின் ஏழாகும். ‘பேணா நிலை’ எட்டாகும். இரண்டும் ஒவ்வாமையின் கோமூத்திரி அழியும். இவ்விடத்தே பிழையைக் காப்பவன் கருவியன்று, எழுத்திலக்கணமறிந்த வினைஞனே. வரைவோன் தமிழறிதல் இன்றியமையாதது என்பது முன்னோர்க்கு எவ்வளவு உண்மையோ, இந்நாளில் அதனினும் மிகுதியாம்.

அங்ஙனமாயின், வினைஞன் பாவலனோடு ஒப்ப எண்ணத்தக்கவனோ எனின், அவ்வினாவிற்குத் திருத்தொண்டர் வரலாற்றிலேயே விடை உண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிள்ளையார் பதிகங்களை யாழிலிட்டு வாசித்து உடன் சென்றனர். திருத்தருமபுரத்தில் அவர் சுற்றத்தார், பாணர் வாசித்தலாலேயே பதிக இசை உலகிற் பரவுகின்றது எனப் புகழ்ந்தனர். பாணர் அஞ்சிப் பிள்ளையாரை வேண்ட, கருவியிலும் கண்டத்திலும் அடங்காத இசையுடைய பதிகம் பாடியருளினர். முதல் திருமுறையில் 136-ஆம் பதிகமாகிய யாழ்மூரி அதுவே. யாழில் அது அடங்காமை கண்ட பாணர் யாழை முரிக்கப் புகுந்தனர். பிள்ளையார் அதனைத் தடுத்து யாழை வாங்கி, மீண்டும் அவர் கையிற் கொடுத்து, அமைந்த அளவில் வாசிக்கப் பணித்தனர்.

இவ்வரலாறு இருதலைக் கோட்பாட்டையும் ஒருங்கே மறுக்கின்றது. துணைக்கருவியாற் பாட்டுச் சிறந்தது என்னும் புகழ்மொழி பிழையாயிற்று. பாட்டு அடங்காமையின் கருவி வேண்டா என முரித்தலும் பிழையாயிற்று. பாட்டிற்கு எல்லையில்லை, கருவிக்கு எல்லையுண்டு. எல்லையுள் நின்று செய்யும் தொண்டும் தொண்டே என்பது பிள்ளையார் திருவுள்ளம். சித்திரகவியின் வரைவோனும் யாழ்ப்பாணரை ஒத்தவன். பாட்டின் பொருளெல்லாம் அவன் கோட்டில் அடங்காது. அடங்கும் அளவையாவது பிழையறத் தருதலே அவன் கடன். அக்கடனுக்கு இடம் வைத்தல் பாவலன் கடன். இருவரையும் மறவாமை பதிப்போன் கடன்.

ஆதலின், பந்தங்களை அச்சிடுவோர் சில முறைகளைக் கைக்கொள்ளல் நலம். வரைவைப் பாட்டின் பக்கத்திலேயே தருக. கண் புகும் அறையும் செல்லும் வழியும் குறிக்க. ஒற்றெழுத்திற்குத் தனியறை உண்டோ இல்லையோ என்பதை முன்னரே கூறுக. பொதுவெழுத்தை ஒருமுறையே எழுதி அது பொதுவென்பதைக் காட்டுக. எண்ணின் இடத்தில் இலக்கத்தை இடாது செய்யுட்சொல்லையே இடுக. பழைய எழுத்துவடிவைப் புதியதாக மாற்றின் அம்மாற்றத்தைத் தெரிவிக்க. பாவலன் பெயரே தலைப்பில் நிற்றல் வழக்காயினும், வரைந்தவன் பெயரையும் உடன் பொறிக்க.

இறுதியிற் கூறியது உலகவழக்குப் பற்றிய சலுகையன்று. திருநல்லூர்ப்பெருமணத்துத் தோன்றிய சோதியிற் பிள்ளையாரோடு யாழ்ப்பாணரும் புகுந்தனர். சேக்கிழார் அவர்க்குத் தனிப்புராணமே வகுத்துத் தனியடியார் வரிசையில் அவர் பெயரை நிலைநிறுத்தினர். பாடியவர் பெயரோடு யாழ் தாங்கியவர் பெயரையும் ஓதி வணங்கும் மரபினர்க்கு, எழுத்தைத் தேரிலேற்றிய கையின் பெயரை ஏட்டின் ஓரத்திலேனும் பொறித்தல் அரிய செயலன்று.

திருச்சிற்றம்பலம்.